25 வருடமாக ரெசிடென்ட் ஈவில்: நாலு பேர், ஒரு ஜாய்ஸ்டிக்

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தைத் தனியாக உட்கார்ந்து ஆடாதீர்கள். 1996-ல் காப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டதே, அந்தப் பழைய பதிப்பைத்தான் சொல்கிறேன். 1999 கடைசியில் முதன்முதலாக அதை ஆடினேன். போன வருடம் எங்கள் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்பு சமயத்திலும் ஆடினோம். இடையில் பத்துப் பன்னிரண்டு முறை முடித்திருப்போம். ஒருமுறைகூட நான் தனியாக முடித்ததில்லை, முடிக்க விரும்பியதும் இல்லை.

கானாடுகாத்தானில் என் பள்ளி நண்பன் வீட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு பிளேஸ்டேஷன் பெட்டியும் நாலைந்து சிடிக்களும் கொண்டுவந்திருந்தார். காரைக்குடியிலிருந்து நான், கோட்டையூரிலிருந்து ஒருத்தன், தேவகோட்டையிலிருந்து ஒருத்தன், வீட்டுக்காரன். பெட்டியை மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. பெட்டி படத்தை அனுப்பியது என்டிஎஸ்சி (NTSC) என்ற வண்ண முறையில், வீட்டில் இருந்த பழைய டிவிக்கோ பிஏஎல் (PAL) என்ற வேறு முறை மட்டும்தான் தெரியும். இது எங்களுக்கு அப்போது தெரியாது. விளையாட்டே அப்படித்தான், பழைய பேய்ப்படம் மாதிரி வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். மருந்துக்கு எடுக்கும் செடிகளில் பச்சை எது, சிவப்பு எது என்று பார்த்துத் தெரியாது. எடுத்துப் பெயரைப் படித்தால்தான் உண்டு. ஆறேழு மாதம் கழித்து வேறு டிவி வந்து, வரவேற்பறையில் சிவப்புக் கம்பளம் சிவப்பாகத் தெரிந்தபோது நாலு பேரும் கத்திவிட்டோம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரேக்கூன் சிட்டி என்ற ஊருக்கு வெளியே காட்டில் ஒரு காவல் குழு காணாமல் போகிறது. தேடப் போன அடுத்த குழுவை நாய்கள் துரத்த, ஓடிப்போய் ஒரு மாளிகைக்குள் புகுந்துகொள்கிறார்கள். உள்ளே நடமாடும் பிணங்கள், பெரிய பாம்பு, ஆளைப் பிடிக்கும் செடி, தண்ணீரில் சுறா. நாம் ஜில் என்ற பெண்ணாகவோ கிறிஸ் என்ற ஆணாகவோ ஆடலாம். தொடக்கக் காட்சியில் நிஜ நடிகர்களே நடித்திருப்பார்கள். நடிப்பு அப்படி இப்படித்தான் இருக்கும், ஆனால் அத்தனை பேரும் மனசார நடித்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இனி மாளிகை. செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு வேறு மாதிரிப் பிடிபடும் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த மாளிகையில் நாலு சாவிகள் உண்டு. வாள், கவசம், கேடயம், தலைக்கவசம் என்று ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சின்னம். எந்தக் கதவு எந்தச் சாவிக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் உட்கார்ந்து ஆடிய வீடும் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றி அறைகள், அறைக்கு ஒரு பூட்டு. எந்த அறை எந்தப் பங்காளிக்கு, எந்தச் சாவி சென்னையில் இருக்கிறது, எது மலேசியாவில் இருக்கிறது என்பது நண்பனின் அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிய கதவு ஒன்றைப் பார்த்து, இதன் சாவி இந்த வீட்டுக்குள்ளேயே எங்கோ இருக்கிறது என்று நினைப்பது எங்களுக்குப் புதிதே இல்லை. விளையாட்டில் 'இது பூட்டியிருக்கிறது' என்று வரும்போதெல்லாம் வீட்டுக்காரன், "அது பெரியய்யா பங்கு, விடு" என்பான். இன்றைக்கும் சொல்கிறான்.

கதவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் திரை முழுக்க இருட்டாகி, கதவு மட்டும் தனியே தெரிந்து, மெதுவாகத் திறக்கும். அடுத்த அறையை சிடியிலிருந்து எடுத்து ஏற்றும் நேரத்தை மறைக்கத்தான் இந்த ஏற்பாடு. காப்காம் நிறுவனமே 1989-ல் செய்த ஸ்வீட் ஹோம் என்ற விளையாட்டிலேயே கதவு இப்படித் திறக்கும். ரெசிடென்ட் ஈவிலுக்கு விதை அங்கிருந்துதான் வந்தது. தனியாக ஆடுகிறவனுக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சல். நாலு பேராக இருந்தால் அந்தச் சில நொடிகள்தான் பொக்கிஷம். "உள்ளே நாய் இருக்கும்", "இல்லடா, போன தடவை கொன்னுட்டோம்", "குண்டு எத்தனை இருக்கு?" என்று எல்லா யோசனையும் அங்கேதான் நடக்கும். ஒருவன் கண்ணை மூடுவான். ஒருவன் தேன்குழலை வாயில் போட்டுக்கொள்வான். கதவு திறந்து முடிந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடுவோம். வேகமாகத் திறக்கும் கதவாக இருந்திருந்தால் இந்த விளையாட்டு எங்களை இத்தனை வருடம் கட்டிப்போட்டிருக்காது.

அப்பத்தா ஒருநாள் நிலைக்கதவில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, அந்தப் புள்ள வந்த வாசல் வழியாவே வெளிய போகலாம்ல? எதுக்கு ஒவ்வொரு கதவாத் தொறந்துக்கிட்டே இருக்கு?"

"வெளிய நாய் நிக்குது ஆச்சி" என்றான் கோட்டையூரான்.

"நாய் நின்னா கம்ப எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவரும் அவ்வப்போது வந்து, "புள்ள தப்பிச்சுருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வசனங்களுக்கு வருகிறேன். ஆங்கில வசனம் பேசியவர்கள் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு பஸ் போகும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். பாரி என்று ஒரு பாசமான பெரிய மனுஷன் வருவார். தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இது கிறிஸ்ஸின் ரத்தமாக இருக்கக்கூடாது என்று அவர் சொல்லும் அழகுக்காகவே அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறோம். பூட்டுத் திறக்கும் கம்பியை ஜில் கையில் கொடுக்கும்போது, பூட்டுத் திறப்பதில் நீ கைதேர்ந்தவள், உன்னிடம் இருந்தால் உதவும் என்பார். சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கியை எடுத்தால் அடுத்த அறையில் கூரை இறங்க ஆரம்பிக்கும். கடைசி நொடியில் பாரி கதவை உடைத்து அவளை இழுத்துப்போட்டு, கொஞ்சம் விட்டிருந்தால் நீ சாண்ட்விச் ஆகியிருப்பாய் என்பார். உலகம் முழுக்கப் பிரபலமான வரி அது. நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாத்திரமாகத் தமிழில் பேசுவோம். பாரி எப்போதும் தேவகோட்டைக்காரன்தான். "ஏத்தா ஜில்லு, கொஞ்சம் அசந்திருந்தா தேன்குழல் அச்சுல போட்ட மாவாட்டம் பிழிஞ்சிருக்கும் உன்னைய!" இதை முதல்முறை அவன் சொன்னபோது ஜாய்ஸ்டிக் கைநழுவி ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. ஒரு மூலை தெறித்த அந்த ஜாய்ஸ்டிக் இன்னமும் வேலை செய்கிறது.

சிரிப்புக்கு நடுவே பயமும் நிஜம்தான். நீண்ட நடைபாதையில் போகும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் இடம் இருக்கிறதே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் தோள் தூக்கிப்போடும். அதைவிட எனக்குப் பெரியது, மாளிகையில் மிருகங்களைப் பார்த்துக்கொள்கிறவனின் நாட்குறிப்பு. முதலில் ஒழுங்காக, சீட்டாடினோம், புது மிருகத்துக்குத் தீனி போட்டேன் என்று எழுதுகிறவன், நோய் முற்ற முற்றச் சொற்கள் குறைந்து, கடைசிப் பக்கத்தில் இரண்டே சொல்லோடு நிறுத்திவிடுவான். அரிப்பு என்று ஒன்று, ருசி என்று ஒன்று. நாங்கள் சிரிக்காமல் படிக்கிற ஒரே இடம் அது. நான்தான் எப்போதும் சத்தமாகப் படிப்பேன்.

நடை பற்றிப் பலர் குறை சொல்வார்கள். மேல் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும்; திரும்ப வேண்டுமானால் நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். அறைகள் எல்லாம் முன்பே வரைந்து வைத்த படங்கள், அதன் மேல்தான் ஆட்கள் நகர்கிறார்கள். அதனால் கேமரா ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் திசை மாறினால் ஆடவே முடியாது, அதற்காகத்தான் இந்த முறை. முதல் ஒரு மணி நேரம் சுவரில் முட்டுவீர்கள். அப்புறம் கை பழகிவிடும். பழகாவிட்டால் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுங்கள். எங்களிடையே விதி ஒன்று உண்டு: செத்தால் ஜாய்ஸ்டிக் வலது கைப் பக்கம் போகும்.

அதுவரை ஆடியதைச் சேமிப்பதற்குத் தட்டச்சு இயந்திரம் வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும். நாடாக்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். கிறிஸ் கையில் ஆறு பொருள், ஜில் கையில் எட்டு. அதில் ஒரு இடத்தை நாடாவே பிடித்துக்கொள்ளும். 2000-வது வருட முழுப்பரீட்சை லீவில் நாடாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டு மணி நேரம் சேமிக்காமல் ஓட்டினோம். பரண் அறையில் பெரிய பாம்பு கடித்துவிட்டது. அந்த விஷத்துக்கு நீலச் செடி உதவாது, வீட்டின் மறுகோடியிலிருந்து மருந்து கொண்டுவர வேண்டும். பாம்பை விரட்டி, மருந்தைக் கொண்டுவந்து, போட்டு, சேமிப்பு அறையின் கதவு மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது, கரண்ட் போய்விட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வளவு முற்றத்தில் போய் உட்கார்ந்தோம். வீட்டுக்காரன் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தான், அப்பத்தா வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுவந்து வைத்தார். அந்த வெளிச்சத்தில்தான் நாற்பது பக்க நோட்டில் மாளிகை முழுவதையும் வரைந்தோம். எந்த அறையில் எத்தனை குண்டு, எந்தச் சாவி எங்கே, உணவு மேசை அறையில் தங்கச் சின்னத்தை வைத்தால் கடிகாரம் நகர்ந்து கேடயச் சாவி கிடைக்கும் என்பது வரை. கரண்ட் வர மூன்று மணி நேரம் ஆனது. அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் சட்னிக் கறையோடு.

மெருகேற்றிய பதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் விளையாட்டை இயக்கிய ஷின்ஜி மிகாமியே 2002-ல் அதை மறுபடி செய்தார். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. வசனம் ஒழுங்காகிவிட்டது, சாண்ட்விச் போய்விட்டது, கொன்ற பிணத்தை எரிக்காவிட்டால் இன்னும் வேகத்தோடு திரும்பி எழும். விளையாட்டாகப் பார்த்தால் அதுதான் மேல், மறுக்க மாட்டேன். 2015-ல் கணினிக்கு வந்தபோது நாலு பேரும் சேர்ந்து வாங்கி ஆடினோம். ஆடும்போது வீடு அமைதியாக இருந்தது. யாரும் பேசவில்லை, பயந்துகொண்டே முடித்தோம். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னோம். அடுத்த வருடம் யாரும் கேட்காமலே பழையதைத்தான் போட்டோம்.

இப்போது ஆட நினைப்பவர்களுக்கு வேலை சுலபம். 2024 ஜூனில், இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஜி.ஓ.ஜி. (GOG) தளம் முதல் பாகத்தின் பழைய கணினிப் பதிப்பை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து வெளியிட்டது. மடிக்கணினியை டிவியில் மாட்டி, ஏதாவது ஒரு ஜாய்ஸ்டிக்கைச் செருகினால் போதும். எங்கள் பழைய சிடி கீறல் விழுந்து, பாதிக் கதவு திறந்த நிலையில் உறைந்து நிற்க ஆரம்பித்திருந்தது. அதனால் இது வந்தது எங்களுக்குப் பெரிய நிம்மதி. முதல்முறை ஆடுகிறவர்கள் ஜில்லை எடுங்கள். கையில் எட்டு இடம், பூட்டுக் கம்பி, பாரியின் துணை எல்லாம் அவளுக்குத்தான். இணையத்தில் வழி பார்க்காதீர்கள், நோட்டு ஒன்று வாங்குங்கள். மூன்று பேருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஆறு பேருக்கு மேல் போனால் சத்தத்தில் காலடி ஓசை கேட்காது. ஒருவர் ஆட, ஒருவர் வரைய, ஒருவர் குண்டுக் கணக்கு வைக்க. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இப்போது ஒருத்தன் பெங்களூரில், ஒருத்தன் துபாயில், வீட்டுக்காரன் சென்னையில். நான் மட்டும் காரைக்குடியிலேயே இருக்கிறேன். அப்பத்தா இல்லை. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் நோன்புக்கு வீட்டுக்காரன் கானாடுகாத்தான் வந்துவிடுவான். அவர்கள் வீட்டில் நோன்புச் சடங்கான இழை எடுத்தல் முடிந்த பிறகு மற்ற மூவரும் போய்ச் சேருவோம். போன தடவை அவன் மகளும் வந்து உட்கார்ந்தாள், காலேஜில் சேர்ந்துவிட்டாள். பியானோவில் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவை ஜில் வாசித்து ரகசியச் சுவர் திறக்கும் இடத்தில், "அங்கிள், இந்தக் கதவுக்கு மட்டும் ஏன் படம் வரல?" என்று கேட்டாள். 25 வருடத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. சுவர் அதே அறைக்குள் நகர்வதால் ஏற்ற வேண்டிய புது அறை எதுவும் இல்லை என்று நான் விளக்க, அவள் நோட்டை வாங்கி அந்த அறையின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

கிறிஸ்ஸாக ஆடி மூன்று மணி நேரத்துக்குள் முடிப்பது மட்டும் இன்னும் பாக்கி. அப்படி முடித்தால் தீராத ராக்கெட் துப்பாக்கி கிடைக்கும். போன தடவை எங்கள் கணக்கு 3 மணி 20 நிமிடம். சாப்பாட்டுக்கு எழுந்தபோது நிறுத்தாமல் விட்டதில்தான் அந்த 20 நிமிடம் போனது என்கிறான் தேவகோட்டைக்காரன். இந்த வருடம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறோம்.