யூரி 1620-ஆ, டிஜெஎம்-900 நெக்சஸ் 2-ஆ?

இரண்டுமே டிஜேக்கள் பாட்டோடு பாட்டைக் கலக்கும் மிக்சர்கள். 1980-களில் வந்த யூரி 1620-இல் ஃபேடரே (ஒலியளவைத் தள்ளி மாற்றும் நெம்புகோல்) கிடையாது. எல்லாம் பெரிய வட்டக் குமிழ்கள். மெல்லத் திருகி அடுத்த பாட்டை உள்ளே கொண்டுவர ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் சேரும் இடமே தெரியாது. ஆனால் சேனலுக்குச் சேனல், அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக, ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லை. இரண்டு பாட்டின் பேஸும் (தாழ்ந்த ஒலி) முட்டிக்கொண்டால் காதும் கையும்தான் துணை. பழைய சாமான் வேறு; குமிழ் கரகரத்தால் திறந்து சுத்தம் செய்ய ஆள் தேட வேண்டும்.

பயனியரின் டிஜெஎம்-900 நெக்சஸ் 2, 2016-இல் வந்தது. நான்கு சேனலுக்கும் மூன்று பேண்ட் (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலி) ஈக்யூ, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி மாற கிராஸ்ஃபேடர், எக்கோ, ரிவெர்ப் போன்ற எதிரொலி எஃபெக்ட்கள், லேப்டாப்புக்கு யூஎஸ்பி. இசை வகை விட்டு வகை தாவுகிறவர்களுக்கு இதுதான் சரி. (எஃபெக்ட் பட்டனைச் சும்மா அமுக்கிக்கொண்டே இருக்கும் வியாதியும் இதில்தான் தொற்றும்!) வைனில் இசைத்தட்டில் ஹவுஸ், டிஸ்கோ நடன இசை மட்டும் போதும் என்றால், என் ஓட்டு யூரிக்குத்தான்.