புள்ளி விழாத கீபோட்டும் எட்டு வருடப் ‘புது’ மொனிட்டரும்

மட்டக்களப்பு நகரில் ஒரு கணினிக் கடையில் 52,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து போனேன். கீபோட் 14,500, மொனிட்டர் 38,000. கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் ஏமாற்றிய விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே பெட்டிகள் இன்னும் அந்தக் கடை அலுமாரியில் அடுக்கியிருக்கின்றன.

கல்லடியில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கலியாணக் கார்டு, சாமத்திய வீட்டுக் கார்டு, 31ஆம் நாள் நினைவு மலர், மாதிரி வினாத்தாள், வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நோட்டீஸ். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான். யுனிகோட் வந்து எத்தனையோ வருடமாகியும் என் விரல் பாமினியை விடவில்லை. பாமினியில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று தட்டினால் ‘அம்மா’ வரும். அந்தச் செமிகோலன்தான் மெய்யெழுத்தின் புள்ளி. ‘மட்டக்களப்பு’ என்று ஒரு தடவை அடித்தாலே மூன்று புள்ளி. ஆங்கிலம் அடிக்கிறவர்கள் எப்போதாவது தொடுகிற ஒரு கீ, எனக்கு நாள் முழுக்க வலது சுண்டுவிரல் அடிக்கிற கீ. எந்தக் கீபோட் என்றாலும் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பேன்.

அன்றும் தட்டிப் பார்த்தேன். மேசையில் வைத்திருந்த கீபோட் அருமையாக இருந்தது. பாதி தூரம் இறங்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம், விரலுக்கு ஒரு சின்னத் தடக்கு, எழுத்து விழுந்துவிட்டது. “இது மெக்கானிக்கல் அக்கா, புளூ சுவிட்ச். வருசக்கணக்கா அடிக்கலாம்” என்றான் கடைப் பெடியன். உள்ளே போய் மூடிய பெட்டி ஒன்றை எடுத்து வந்து தந்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘மெக்கானிக்கல்’ என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு சொல்லும் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகும் நான் கவனிக்கவில்லை. அந்தச் சொல் ‘ஃபீல்’, அதாவது மெக்கானிக்கல் மாதிரி உணர்வு மட்டும்தான்.

விஷயம் இதுதான். மெக்கானிக்கல் கீபோட்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு சுருள் கம்பி. செரி என்ற ஜேர்மன் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ் வகையைப் பார்த்துத்தான் இன்று பலரும் செய்கிறார்கள். நீலம் கிளிக் சத்தம் போடும், பழுப்பில் தடக்கு மட்டும் இருக்கும், சிவப்பு தடக்கில்லாமல் வழுக்கி இறங்கும். கீ மொத்தம் 4 மில்லிமீற்றர் இறங்கும் என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிமட்டம் வரை குத்தத் தேவையில்லை. மெம்பிரேன் கீபோட் வேறு. ஒரு ரப்பர் குமிழ், அதற்குக் கீழே கடத்தும் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் தாள்கள். குமிழ் முழுதாக அமுங்கித் தாளும் தாளும் தொட்டால்தான் எழுத்து. மெம்பிரேன் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை, என் பழைய கீபோட்டும் அதுதான். 1,800 ரூபாய்க்கு வாங்கி ஆறு வருடம் உழைத்தது. மெம்பிரேனுக்குள் சத்தம் போட ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, 14,500 ரூபாய்க்கு மெக்கானிக்கல் என்று விற்றதுதான் களவு.

ஐந்தாவது வாரத்தில் புள்ளி விடத் தொடங்கியது. அழுத்திக் குத்தினால் விழும், என் வழக்கமான வேகத்தில் அடித்தால் விழாது. சத்தம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வரும், அதனால் காது ஏமாந்துவிடும். திரையைப் பார்க்காமல் அடிக்கிற எனக்கு இதைவிடக் கேடு இல்லை. அவசர வேலையாக வந்த சடங்கு நோட்டீஸ் ஒன்று, 500 பிரதி, அச்சடித்துக் கட்டியும் கொடுத்துவிட்டேன். மறுநாள் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் கையில் ஒன்றோடு வந்து நின்றார்.

“என்ன மகள், அம்மனுக்கே புள்ளி இல்லையே.”

தலைப்பில் ‘கணணகி அமமன்’ என்று இருந்தது. சரிபார்க்காதது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். என் செலவில் 500ஐயும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அன்று இரவு கீயின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உண்மையான மெக்கானிக்கல் என்றால் சிலுவை மாதிரி ஒரு தண்டு தெரியும், நிறத்தை வைத்து வகையையும் சொல்லலாம். இதில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் வெள்ளை ரப்பர். நீலச் சாயம் பூசினால் நீல சுவிட்ச் ஆகிவிடுமாம்!

மொனிட்டர் கதை இன்னும் மோசம். 24 இன்ச், ஐ.பி.எஸ். வகைத் திரை, புதுசு என்று சொல்லித்தான் தந்தார்கள். ஒரு கலியாணக் கார்டுக்கு மாப்பிள்ளையின் அம்மா நிறம் தெரிவு செய்ய வந்திருந்தார். பக்கத்தில் உயரம் குறைந்த பெஞ்சில் இருந்தபடி, “இது என்ன தங்கச்சி, கறுப்பா இருக்கு, நான் கேட்டது மெரூன்” என்றார். எனக்கு மெரூன்தான் தெரிந்தது. எழுந்து நில்லுங்கள் என்றேன். நின்றதும் அவருக்கும் மெரூன். குனிந்து கீழேயிருந்து நான் பார்த்தேன், கறுப்பு. ஐ.பி.எஸ். பேனலில் இப்படி நடக்காது, அதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. கீழேயிருந்து பார்த்தால் இருண்டு, நிறம் தலைகீழாகிப் போவது டி.என். என்ற வேறு வகைப் பேனலின் குணம். கடையில் நேர் எதிரே கதிரை போட்டு இருத்திக் காட்டியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

தெரிந்த தம்பி ஒருவர் வந்து மெனுவுக்குள் போய்ப் பார்த்தார். அலுவலகங்களுக்கென்று செய்யும் சில மொனிட்டர்களில் பின்விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்ற கணக்கும் பதிவாகுமாம். இதில் 19,000ஐத் தாண்டியிருந்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் கிட்டத்தட்ட எட்டு வருடம். எந்த நாட்டுக் கந்தோரில் யாருக்கு உழைத்துக் களைத்த சாமானோ! பின்பக்கத்தில் உற்பத்தித் திகதி இருந்த ஒட்டியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பெட்டியும் டேப்பும் மட்டும் புதுசு.

கடைக்குப் போனேன். பெடியன் என்னைத் தெரியாதவன் மாதிரி நின்றான். முதலாளி, “கல்லடி உப்புக் காத்துக்கு எந்தக் கீபோட்டும் நிக்காது தங்கச்சி” என்றார். பழையது அதே காற்றில்தான் ஆறு வருடம் நின்றது என்றேன். “சரி, பில்லைக் காட்டுங்க” என்றார். காட்டினேன். ‘கீபோட் 1, மொனிட்டர் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. மெக்கானிக்கல், ஐ.பி.எஸ்., புதுசு, ஒன்றும் இல்லை. “நாங்க அப்பிடிச் சொல்லி விக்கேல்லயே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் வகையையும் புதுசா பழசா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் காசைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள். மேசையில் இருப்பதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், உங்களுக்குத் தரும் பெட்டியையே உடைத்து ஒரு மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடியைக் கழற்ற விடாத கடையில் எனக்கு இனி வேலை இல்லை. பாமினியில் அடிக்கிறவர்கள் செமிகோலனை மெல்லவும் வேகமாகவும் ஐம்பது தடவையாவது அடியுங்கள், பெடியன் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. மொனிட்டர் என்றால் கதிரையை விட்டு எழும்புங்கள், பக்கத்தில் நில்லுங்கள், குந்தியிருந்தும் பாருங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டேன். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம்தான் மிச்சம் இருந்தது. பில்லின் பிரதி, பெட்டியின் படம், மெனுவில் தெரிந்த மணித்தியாலக் கணக்கின் படம், புள்ளியில்லாத நோட்டீஸ் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. இப்போது பழைய 1,800 ரூபாய்க் கீபோட்டில்தான் வேலை. அதில் செமிகோலன் கீயில் இருந்த எழுத்து எப்போதோ தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது, ஆனால் புள்ளி விழுகிறது. மற்றதைக் கழற்றிய மூடியோடு ஒரு சீலைத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன், கேட்டால் கொண்டுபோய்க் காட்ட.