பொட்காஸ்ட் தொடங்கப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்: 24,000 ரூபா போய்விட்டது

பொட்காஸ்ட், அதாவது இணையத்தில் பாகம் பாகமாகக் கேட்கிற ஒலித்தொடர், வைக்க இடம் தருகிறோம் என்று என்னிடம் காசு வாங்கிய நிறுவனத்தார் இன்று காலை என்னுடைய வட்ஸ்அப் இலக்கத்தையும் தடைசெய்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். 24,000 ரூபா. கிளிநொச்சியில் கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு.

வன்னியின் பழைய பாட்டுகளையும் குளக்கட்டுக் கதைகளையும் பெரியவர்களின் குரலிலேயே பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். முள்ளியவளையில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் மாமரத்தடியில் இருந்து கோவலன் கூத்துப் பாடித் தந்தார். இரண்டு அடி பாடுவார், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்குவார், என் போனை எட்டிப் பார்த்து "பதியுதோ பிள்ளை?" என்பார். சிவப்புப் புள்ளியைக் காட்டினால்தான் அடுத்த அடி வரும்.

பதிந்ததை வைக்க ஓர் இடம் வேண்டும். அப்பிள் பொட்காஸ்ட் போன்ற செயலிகள், நாம் கோப்பு வைத்திருக்கும் இடத்தின் ஆர்எஸ்எஸ் முகவரியை, அதாவது பாகங்களின் பட்டியல் இருக்கும் இணைய முகவரியை, பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கின்றன. அந்த இடத்தை வாடகைக்குத் தருகிறோம் என்று இணையத்தளம் செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. போன் எடுத்தேன். "அன்லிமிட்டெட் அண்ணை, எத்தனை பேர் கேட்டாலும் பிரச்சினை இல்லை" என்றார் பேசிய தம்பி. எழுத்தில் தரச் சொன்னேன். "என்ர அம்மாவும் முள்ளியவளைதான், எங்கட சனத்தை ஏமாத்துவமோ?" என்றார். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. அன்று பின்னேரமே ஒரு வருடக் காசு 24,000 ரூபாவையும் வங்கியில் போட்டேன்.

மூன்றாம் பாகம், அண்ணாவியாரின் பாட்டு. கனடாவில் இருக்கிற சொந்தங்கள் பகிர்ந்தார்கள். இரண்டே நாளில் எவருக்கும் கேட்கவில்லை. 45 நிமிடப் பதிவு, 128 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் எம்பி3 கோப்பு என்றால் ஏறக்குறைய 43 எம்பி. 250 பேர் இறக்கினால் 10 ஜிபி தாண்டும். அவர்கள் தந்தது சாதாரண இணையத்தளத்துக்கான இடம், மாதத்துக்கு 10 ஜிபி வரைதான் இறக்கலாம் என்பதை விஷயம் தெரிந்த ஒரு நண்பர் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் தொடங்கியது இழுத்தடிப்பு. "திங்கள் சரியாகும் அண்ணை." திங்கள் எடுத்தால் "டெக்னிக்கல் ஆக்களிட்ட சொல்லியிருக்கு." பிறகு நீல டிக் மட்டும். காசைத் திருப்பிக் கேட்டதும் "அன்லிமிட்டெட் எண்டா நியாயமான பாவனைக்கு" என்றார்கள். சரி, வேறு இடத்துக்கு மாறலாம் என்றால் ஆர்எஸ்எஸ் முகவரி அவர்களுடைய டொமைனில், அதாவது அவர்களுடைய இணையப் பெயரின் கீழ். அந்த ஆர்எஸ்எஸ்ஸில் போட்டிருந்த உரிமையாளர் மின்னஞ்சலும் அவர்களுடையது, நிகழ்ச்சி என்னுடையதுதான் என்று காட்ட ஸ்பொட்டிஃபை செயலி அனுப்பும் உறுதிப்படுத்தல் குறியீடு அங்கேதான் போகும். பழைய முகவரியிலிருந்து புதியதுக்குக் கேட்பவர்களைத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரெக்ட் போட இன்னும் 6,000 ரூபா கேட்டார்கள். மறுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் இல்லை. வருடக் காசு கட்டாதீர்கள், மாதம் மாதம் கட்டுங்கள். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். மாறிப் போனால் ரீடைரெக்ட் தருவார்களா என்று காசு கட்ட முன்னமே எழுத்தில் வாங்குங்கள். மூலக்கோப்பை அழிக்கவே வேண்டாம்.

நான் அழித்துவிட்டேன். போனில் இடம் இல்லை, அங்கே பத்திரமாக இருக்கிறதுதானே என்று நினைத்தேன். மூன்றாம் பாகத்தை யாராவது உங்கள் போனில் இறக்கி வைத்திருந்தால், தயவுசெய்து அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்.