குற்றமும் தண்டனையும்: சோனியாவுக்காகவே வாசிக்கலாம்

சிங்கப்பூர் விக்டோரியா தெரு நூலகத்தில் தமிழ் அடுக்கில் எடுத்த புத்தகம். ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியின் 1866ஆம் ஆண்டு நாவல், தமிழில் எம்.ஏ. சுசீலா. 21 நாள் போதவில்லை, இரவலை நீட்டித்துத்தான் முடித்தேன். பாதிக்கு மேல் காலையில் உட்லண்ட்ஸ் ரயிலில் நின்றுகொண்டே படித்தது.

எல்லாரும் கொலை செய்த முன்னாள் மாணவன் ரஸ்கோல்னிகோவைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு மனதில் தங்கியது சோனியாதான். குடிகார அப்பா, காசநோயில் இருமும் சிற்றன்னை, பசியில் அழும் மூன்று பிள்ளைகள், அவர்களும் சிற்றன்னையின் முதல் கணவருக்குப் பிறந்தவர்கள். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு வெளியே போனவள் ஒன்பது மணிவாக்கில் திரும்பி வந்து முப்பது ரூபிளை மேசையில் வைக்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள், தோள் மட்டும் நடுங்குகிறது. குத்திக்காட்டிப் பேசி அவளை அனுப்பிய அதே சிற்றன்னை வெகுநேரம் அவள் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறாள். இதை அந்த அப்பனே மதுக்கடையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ரஸ்கோல்னிகோவிடம் சொல்கிறான். பீஷானில் இறங்க வேண்டிய நான் அதைத் தாண்டித் தோ பாயோவில்தான் நிமிர்ந்தேன்.

என் அக்கா பள்ளியின் சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) முடிந்ததும் வேலைக்குப் போனாள், என் பாலிடெக்னிக் கட்டணம் அவள் சம்பளம். வீட்டில் அவளைத் தெய்வம் என்போம், அதோடு சரி. இந்த நாவல் அதோடு விடுவதில்லை. ரஸ்கோல்னிகோவின் தங்கை துனியா, அண்ணன் முன்னுக்கு வர வேண்டும் என்று, பிடிக்காத லூஷினுக்குக் கழுத்தை நீட்டச் சம்மதிக்கிறாள். அம்மாவின் கடிதத்தில் அதைப் படித்தவன் கொதித்துப்போகிறான், சோனியா உடலை விற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தன்னையே கேட்கிறான். எனக்கு அப்படி ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

சோனியாவின் அன்பு வெறும் பொறுமை இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். அவன் கொலையை ஒப்புக்கொண்டதும் கட்டிக்கொண்டு அழுகிறாள், உன்னைப்போல் துயரப்பட்டவர் உலகத்திலேயே இல்லை என்கிறாள். ஆனால் மூடி மறைக்கச் சொல்லவில்லை. நாற்சந்திக்குப் போ, நீ களங்கப்படுத்திய மண்ணை முத்தமிடு, கொன்றேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல் என்கிறாள். எட்டு வருடத் தண்டனைக்கு அவன் சைபீரியா போகும்போது அவளும் கூடப் போகிறாள். அவனை வெறுக்கும் கைதிகள் அவளை அம்மா என்று கூப்பிடும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குறையும் உண்டு. அவளைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கிறோம், அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்பது அரிதாகத்தான் தெரிகிறது. அது எனக்கு ஏமாற்றம். அப்புறம் பெயர்கள்: ரோத்யா, ரோதியோன் ரொமானிச், ரஸ்கோல்னிகோவ் மூன்றும் ஒரே ஆள், முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்கென்று ஒன்று சென்னையிலிருந்து வரவழைத்தேன். இப்போது அம்மாவின் கடிதம் வரை வந்திருக்கிறாள்.