ஆற்று வெள்ள அபாயம்: வரிசை முறையா, கும்பெல் வளைவா?

ஆற்றோரக் கட்டடம் ஒன்றுக்குத் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கையில் 40 ஆண்டுப் பதிவு, ஆண்டுக்கு ஓர் எண், அந்த ஆண்டின் உச்ச நீர்மட்டம். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எளிய வழியையே பிடித்துக்கொண்டேன்.

அதுதான் வரிசை முறை. எண்களைப் பெரியதில் தொடங்கி அடுக்கி, வரிசை எண்ணை 41ஆல் (ஆண்டுகளோடு ஒன்று கூட்டி) வகுத்தால், ஏதாவது ஓர் ஆண்டில் வெள்ளம் அந்த மட்டத்தைத் தொடவோ தாண்டவோ உள்ள நிகழ்தகவு கிடைக்கும். முதலிடத்துக்கு 1/41, இரண்டாமிடத்துக்கு 2/41. முதலாவதை '41 ஆண்டு வெள்ளம்' என்பார்கள். அந்தப் பெயரை நம்பி இனி 41 ஆண்டுக்குக் கவலையில்லை என்று இருந்துவிடவே கூடாது. ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 40/41, தொடர்ந்து 30 ஆண்டு தப்பிக்க அதை 30 முறை பெருக்க வேண்டும், வருவது ஏறக்குறைய 0.48. அதாவது, 30 ஆண்டுக்குள் அந்த மட்டத்துக்கு ஒரு முறையாவது தண்ணீர் வர 52 சதவீத வாய்ப்பு! எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரே எண்தான்.

கும்பெல் முறை 1941இல் எமில் கும்பெல் என்ற கணிதவியலாளர் வெள்ளக் கணக்குக்குக் கொண்டுவந்தது, பதிவில் உள்ள எண்களுக்கு ஒரு வளைவைப் பொருத்தி அதை மேலே நீட்டிப் பார்ப்பது. சராசரியும் திட்டவிலக்கமும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போதும். 100 ஆண்டு வெள்ளம் (ஓர் ஆண்டில் வர வாய்ப்பு 1/100) வேண்டுமா, திட்டவிலக்கத்தை ஏறக்குறைய 3.14ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டு, முடிந்தது. அணை, பெரிய பாலம் என்றால் இப்படி ஒரு வளைவு இல்லாமல் முடியாது, ஏனென்றால் வரிசை முறை 41 ஆண்டோடு நின்றுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பதிவின் நீளம். 40 ஆண்டில் ஒரு 20 ஆண்டு வெள்ளம்கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.95ஐ 40 முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 13 சதவீதம். சரி, 100 ஆண்டு வெள்ளமோ அதைவிடப் பெரியதோ அதற்குள் வந்திருக்க? 33 சதவீதம். ஆக, பட்டியலின் உச்சியில் இருப்பது 20 ஆண்டு வெள்ளத்தைவிடச் சின்னதாகவும் இருக்கலாம், 100 ஆண்டு வெள்ளத்தைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். கும்பெலும் இதே 40 எண்களைத்தான் தின்கிறது, ஆனால் விடையை வழவழப்பான கோடாகக் கொடுப்பதால் இந்தத் தடுமாற்றம் கண்ணில் படுவதில்லை. வரிசை முறையில் மறைக்க இடமில்லை: அடுத்த ஆண்டே இன்னும் பெரிய வெள்ளம் வந்தால் பழைய உச்சம் 1/41இலிருந்து 2/42க்கு, அதாவது 21 ஆண்டு வெள்ளமாக இறங்கிவிடும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. நம் அறிவு அவ்வளவுதான் என்று அது நேராகச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது, அதனால்தான் பழைய உச்சத்துக்கும் மேலே கூடுதல் உயரம் விட்டேன்.

இருபதுக்கும் குறைவான ஆண்டுப் பதிவில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை, அங்கே இரண்டையுமே நம்பத் தயங்குவேன். அப்புறம், பதிவின் நடுவே மேல்பகுதியில் அணை வந்திருந்தாலோ கரை உயர்த்தப்பட்டிருந்தாலோ முன்னும் பின்னும் ஒரே ஆறு இல்லை; மாற்றத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைத் தனியே பிரித்து அடுக்குங்கள்.