ராயபுரத்தில் ஓர் எலிமினேட்டர்

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் கல்யாணம், கோயில், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எனக்கு எழுத வேண்டியிருப்பது ஒரு அடாப்டரைப் பற்றி.

தண்டையார்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து அம்மா ஒரு பித்தளை அண்டாவை இறக்கச் சொன்னார். உள்ளே, பழைய வேட்டியில் சுற்றியபடி, என் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், டிவியில் மாட்டி ஓட்டும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். கப்பல் வேலையில் இருந்த மாமா 1985இல் கொண்டுவந்தது. ரப்பர் பட்டன்கள், மூலையில் வானவில் கோடு, 48 கே மெமரி. பர்மா பஜார் டேப்ரெக்கார்டரை மாட்டி கேசட்டிலிருந்து ஒரு கேம் ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும். டிவி ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட, தெருப் பையன்கள் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம். அண்டாவில் கேசட்டுகள்கூட இருந்தன. அடாப்டர் மட்டும் இல்லை.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் டண்டி. இந்த ஸ்பெக்ட்ரங்களை அந்த ஊர் டைமெக்ஸ் தொழிற்சாலையில்தான் தயாரித்தார்கள். அங்கே என்றால் நெட்டில் சொல்லி ஒரு அடாப்டர் வரவழைத்துவிடலாம். ஆனால் மெஷின் இங்கே இருக்கிறது, எனக்கு மிச்சம் ஐந்து நாள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். 9 வோல்ட், 1.4 ஆம்பியர், பின்னுக்கு நடுவில் மைனஸ் வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். கடைப்பையன் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. "ஒன்பது வோல்ட்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒன்றை எடுத்து வைத்தான். நடுவில் மைனஸா என்று மறுபடி கேட்டேன். "ஆமா சார், அதான்."

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், லேபிளில் நடுவில் பிளஸ் குறி. சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மெஷினின் முதல் 16 கே மெமரி எட்டு 4116 சிப்புகளில் இருக்கிறது. அவற்றுக்குப் பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என்று மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும். கரண்ட் தலைகீழாகப் போனால் அந்த மைனஸ் 5ஐ உண்டாக்கும் டிரான்சிஸ்டர் போய், சிப்புகளையும் கூட்டிக்கொண்டு போகும். நாற்பது வருஷம் பரணில் உயிரோடு இருந்த பொருள், "எல்லாம் ஒண்ணுதான்" என்ற ஒரு வார்த்தையில் செத்திருக்கும். இன்னும் ஆறவில்லை எனக்கு.

மறுநாள் மாற்றப் போனேன். பில்லைத் திருப்பிக் காட்டினார்கள்: விற்ற பொருள் வாபஸ் இல்லை. பிரிட்டனில் நெட்டில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், சட்டமே இருக்கிறது. இங்கே தப்பு கடையுடையது, சத்தம் போட்டவன் என்ற பெயர் எனக்கு.

அப்புறம் அம்மாதான் சொன்னார், ராயபுரத்தில் நம் மர்ஃபி ரேடியோவை ரிப்பேர் பார்த்தவர் இன்னும் கடை வைத்திருக்கிறார் என்று. ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்து, ஒரு ஷட்டர் அகலக் கடை, சால்டரிங் ரோசின் வாசனை. சீட்டை நீட்டினேன். "இது கெடக்கட்டும் தம்பி. மெஷின் எங்க?" என்றார். திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன்.

கீழே இருந்த ஸ்குரூக்களைக் கழற்றி, கீபோர்டு ரிப்பன்களைப் பூப்போல உருவினார். மல்டிமீட்டரின் ஒரு முனையை, மெஷினின் மைனஸ் வரும் 7805 ரெகுலேட்டரின் நடுக்காலில் வைத்தார், மறு முனையை பவர் சாக்கெட்டின் நடுப்பின்னில். பீப் என்றது. "இன்னா தம்பி இது, நெசமாவே நடுவுல மைனஸ்!" பிறகு என் சீட்டை எடுத்துப் படித்துத் தலையாட்டினார். "எலிமினேட்டர் ஒண்ணு கட்டிடலாம். குந்து, டீ சொல்றேன்."

எலிமினேட்டர்! அடாப்டருக்கு அந்தக் காலத்துப் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டே முப்பது வருஷம் இருக்கும். 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடு, விரல் தடிமனில் ஒரு கெப்பாசிட்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பா. முக்கால் மணி நேரம். மீட்டர் 9க்குப் பதிலாக 12 வோல்ட் காட்டியதும் எனக்குப் பகீரென்றது. "லோடு இல்ல, அதான். மெஷின் இழுத்தா எறங்கிடும் ஐயா" என்றார் பொறுமையாக. இறங்கியது.

அவர் கடையிலிருந்த 14 இஞ்ச் டிவியில் மாட்டி, யுஹெச்எஃப் தேடினார். 36ஆம் சேனல் பக்கம் வந்தபோது இரைச்சல் அடங்கி வெள்ளைத் திரை. அடியில் பொடி எழுத்தில் 1982 சின்க்ளேர் ரிசர்ச். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, சத்தம் மட்டும் குறைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

650 ரூபாய் வாங்கினார். டப்பா மேல் மார்க்கரில் பெரிதாக 'நடு மைனஸ்' என்று எழுதிக் கொடுத்தார். கீபோர்டு ரிப்பன் காய்ந்து வெடித்திருப்பதால் ஒரு வரிசை பட்டன் வேலை செய்யவில்லை. ரிப்பனோடு சேர்ந்த புது கீபோர்டு மெம்பரேன் பிரிட்டனில் கிடைக்கிறது, டிசம்பரில் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியானம் கடை இருக்காது, நாலு மணிக்கு மேல் வரச் சொன்னார்.