ஈரோட்டில் பழைய கணினிக்கும் பிரிண்டருக்கும் நம்பிக்கையான பழுதுநீக்கும் கடை

எங்கள் மஞ்சள் மண்டியில் சீட்டு அச்சிடும் பழைய விண்டோஸ் 7 கணினியைக் காலையில் இயக்கியதும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டும். முந்தைய நாள் நின்றுபோன சீட்டுகள் வரிசையில் தேங்கியிருக்கும். புதுக் கணினி வாங்கச் சொல்லாமல் இந்தக் கடைக்காரர் காரணத்தைத் தேடியது மிகவும் பாராட்டுக்குரியது. அச்சு வேலைகளை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, அதன் கோப்புறையில் சிக்கிக் கிடந்த கோப்புகளை அழித்து, கணினியுடன் அந்தச் சேவையும் தானாகவே தொடங்கும்படி அமைத்தார். யுஎஸ்பி கேபிளை வேறு துளையில் செருகும்போது விண்டோஸ் அதே பிரிண்டருக்கு இன்னொரு நகலை உருவாக்கிவிடக்கூடும் என்பதையும், பழைய நகலே இயல்புத் தேர்வாக நின்றுவிட்டால் சீட்டு வெளிவராது என்பதையும் பொறுமையாக விளக்கினார். கடையில் உட்கார இடமில்லை. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு முடிந்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், அந்தக் கணினியை இணையத்துடன் இணைக்க வேண்டாமென்றும் நாங்கள் கேட்காமலேயே அவர் எச்சரித்தார்.